மேல் பெட்டி

மைரே துறைமுகத்தில்
முப்பத்தொரு வருடம் காட் மீனுக்கு எடை போட்டவள் நான்.
எந்தப் படகு பனிக்கட்டியையும் மீன் விலைக்கு விற்கும்,
எவன் மேல் பெட்டியை மட்டும்
பளபளவென்று முன்னால் தள்ளுவான்,
பார்த்த மாத்திரத்தில் தெரியும்.
"அடிப்பெட்டியை எடு" என்பேன்.
முணுமுணுப்பான். எடுப்பான்.

இப்போது என் தராசு உள்ளங்கை அகலம்.
அதற்கு ஒரு துளி போதும்.

அக்டோபரில் நெற்றிப்பொட்டு தெறித்தது.
சீப்பு பட்டாலே வலி.
ரொட்டியை மெல்லத் தாடை மறுத்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை
இடது கண்ணில் யாரோ திரையை இழுத்துவிட்டு
திறக்க மறந்து போனார்கள்.
இரத்தக் குழாயில் வீக்கம்.
வலது கண்ணாவது மிஞ்ச வேண்டுமென்றால்
பிரெட்னிசோலோன்,
இன்றே, இந்த நிமிடமே, அறுபது மில்லிகிராம்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினால்
ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.
நான் சர்க்கரையைத் தலையில் கட்டிக்கொண்டு
கண்ணை மீட்டவள்.
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்,
அவர்கள் பல் எனக்குத் தெரிகிறது.

பிறகு பசி.
நள்ளிரவில் குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடி
பழுப்பு ஆட்டுப்பால் கட்டியைச்
சீவிச் சீவித் தின்னும் பசி.
முகம் உருண்டது.
பாஸ்போர்ட்டில் இருப்பவள்
எனக்கு ஒன்றுவிட்ட தங்கையானாள்.

சூரியனே வராத அந்த மாதங்களில்
காலை ஏழு மணிக்குத் தவறாமல் விரலைக் குத்தினேன்.
ஐந்து புள்ளி ஆறு.
ஐந்து புள்ளி மூன்று.
நோட்டில் வரிசை பிசகாமல் நின்றன எண்கள்.
அதைக் கொண்டாட ஒரு வாஃபிள்,
மேலே ஜாம்.
நாக்கு மட்டும் ஏனோ கருவாடாய் வறண்டது.

பிப்ரவரியில் செவிலி இங்யெர் நோட்டைப் புரட்டினாள்.
"எல்லாமே காலையிலா?"
"ஆமாம்."
"மாலை நாலு மணிக்கு?"
நாலு மணிக்கு நான் எதற்குக் குத்த வேண்டும்?
"காலையில் விழுங்கும் மாத்திரை
மதியத்துக்கு மேல்தான் கைவரிசை காட்டும்.
இராத்திரி அடங்கி,
விடியும்போது ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும்."

நாலு மணிக்குக் குத்தினோம்.
பதினேழு புள்ளி இரண்டு.

மேல் பெட்டி.
நாலு மாதமாய் என் இரத்தம் எனக்கே
மேல் பெட்டியைக் காட்டியிருக்கிறது.
நானும், வேறு யாருமல்ல நானே,
கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

மாத்திரையைக் கடலில் எறிகிறேன் என்றேன்.
"எறி.
கண் போகும். அதற்கு முன்னால்
நீயே போனாலும் போவாய்.
உன் உடம்பு தன் சொந்தச் சரக்கைத்
தயாரிப்பதை விட்டுவிட்டது.
படிப்படியாய்த்தான் இறங்க வேண்டும்."
அப்படித்தான் வந்து சேர்ந்தது காலை இன்சுலின்.
மாத்திரை ஒரு படி இறங்கினால்
இன்சுலினையும் ஒரு படி இறக்குவாள் இங்யெர்.
ஒருமுறை தொலைபேச மறந்தேன்.
மீன் கடை வரிசையில் கை நடுங்கி, வியர்த்து,
யாரோ ஒரு சிறுவனின் ஆரஞ்சுச் சாற்றை
வாங்கிக் குடித்தேன்.
அவன் இன்னும் என்னைக் கண்டால்
பையை மறைக்கிறான்.

இது ஜூன். பன்னிரண்டரை மில்லிகிராம்.
இரவு ஒரு மணிக்கும் வெயில் தட்டுகிறது.
எனக்கும் தூக்கமில்லை, வானத்துக்கும் இல்லை.
இங்கே சாயங்காலம் என்பது
விரல் நுனியில்தான் வருகிறது.

மூன்று உருளைக்கிழங்கு ஒன்றாகிவிட்டது.
சாப்பிட்ட கையோடு
அலைதாங்கிச் சுவர் முனைவரை போய்த் திரும்புகிறேன்.
படகில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஹால்கெய்ர்
தலை நிமிராமல் கேட்கிறான்:
"இன்றைக்கு எவ்வளவு?"
"ஒன்பது புள்ளி ஒன்று."
"பனிக்கட்டியைக் கழித்தா?"
"கழித்து."
காப்பி ஊற்றுகிறான்.
சர்க்கரைக் கட்டி டப்பாவை
காலால் வலைக்கடியில் தள்ளுகிறான்.
அந்த நாற்பது கிலோவை மட்டும்
இன்னும் மன்னிக்கவில்லை.